ஹீட்டர் கோரை மாற்றும் முன் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

பழைய பிக்கப் டிரக்கில் ஹீட்டர் சூடாகவில்லை என்றால் ஹீட்டர் கோர் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சூடாக ஓடி, கேபின் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைத்துவிட்டது, அதை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சில வண்டிகளில் அது சரிதான். ஆனால் எல்லா வண்டிக்கும் அப்படிச் சொல்ல முடியாது. பல மாடல்களில் கோரை எடுக்க டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால், முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.

கூலண்ட் அளவை எஞ்சின் ஆறியிருக்கும்போதே பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குறைந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அப்புறம் 15, 20 நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினுக்குப் பின்னால் கேபினுக்குள் போகும் இரண்டு ஹோஸையும் கவனமாகத் தொடுங்கள். மின்விசிறிப் பக்கம் கை போக வேண்டாம்.

ஒன்று கொதித்து மற்றது சில்லென்று இருந்தால் அவர் சொன்ன அடைப்போ, கோருக்குக் கூலண்ட்டை விடும் ஹீட்டர் வால்வு மூடிக்கிடப்பதோ காரணம். இரண்டுமே நல்ல சூடு என்றால் கோரில் ஓட்டம் இருக்கிறது. காற்றைத் திருப்பும் உள் கதவையோ அதன் கேபிளையோ பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பு, டெம்பரேச்சர் முள்ளும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடான பிறகே கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கும். பல எஞ்சின்களில் அது 90 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் திறக்க வேண்டும். கோரோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை.