30 மாடி நம் பட்டணத்துக்கு வேண்டாம்

பஸ் நிலையத்துப் பக்கம் 30 மாடிக் கொண்டோ (அடுக்குமாடி வீடுகள்) வரப்போகிறது என்று படித்ததும் வயிறு கலங்கியது. ஒரு மணி நேர மழைக்கே மாரியம்மன் கோயில் வாசலில் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. கடைகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் இரண்டு முழ அகலம்தான், அப்பா பால்மரம் சீவிய காலத்தில் வெட்டியது.

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமென்றால், மலேசியாவின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172) பிரிவு 21(6)-இன்படி பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் வரவேண்டும். 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். வாடகைக் கடைக்காரர்களுக்கு அது வராது, பாவம். அதனால் நிலம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் உயர்மாடி வீடு கட்டுவதை எதிர்த்த வழக்கில் குடியிருப்பாளர்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2023-இல் ஜெயித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், சரி. ஐந்து மாடியில் கட்டுங்கள், நாங்களே கையெழுத்துப் போடுகிறோம்.