இடிடராடில் ஓடுவது எந்த நாய்?

அலாஸ்காவில் நாய்கள் வண்டி இழுத்து ஓடும் இடிடராட் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் ஜெயிப்பது சுத்த சைபீரியன் ஹஸ்கி, வேறு இனம் எதுவும் ஓடியதே இல்லை என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சின்னத் திருத்தம். இன்று முன்னணியில் ஓடுபவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி. பெயர்தான் ஒரே மாதிரி. இது கென்னல் கிளப்புகள் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கங்கள்) அங்கீகரித்த இனமே இல்லை. வடபகுதிக் கிராம நாய்களோடு பாயின்டர், ஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களின் ரத்தமும் கலந்த கலப்பு. முகம், கண் நிறம் எதையும் பார்க்காமல் வேகம், பசி, பாதத்தின் உறுதி ஆகியவற்றையே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 1,600 கிலோமீட்டரைப் பத்து நாளுக்குள் ஓட, சைபீரியனின் அந்த நீலக் கண் எதற்கு?

சைபீரியனுக்கும் புகழ் சும்மா வரவில்லை. 1910-இல் அலாஸ்காவின் நோம் நகரில் நடந்த ஆல் அலாஸ்கா ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற நாய் வண்டிப் போட்டியில் ஜான் ஜான்சன் சைபீரிய நாய்களை வைத்தே வென்றார். உங்கள் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

அப்புறம், 'வேறு இனம் எதுவும் ஓடியதே இல்லை' என்று நீங்கள் சொன்னதும் சரியில்லை. 1988 முதல் 1991 வரை ஜான் சூட்டர் என்பவர் இடிடராடில் ஸ்டாண்டர்ட் பூடில்களைப் (பூடில் இனத்தின் பெரிய வகை) பூட்டி ஓட்டினார். ஆமாம், பூடில்! அவற்றின் சுருட்டை முடியில் பனி கட்டிக்கொண்டது. அதன் பிறகுதான் வடபகுதி இன நாய்கள் மட்டும் என்ற விதி வந்தது.