காலை எடுத்தது யாரு?

எழுத வேணாம்னு தான் ரெண்டு நாளா இருந்தேன். நேத்து வேலூர் கொசப்பேட்டையில டீ குடிக்கப் போன இடத்துல ஒருத்தர், அவருக்கும் நாங்க வீட்ல உக்காந்து ஓட்டற கார் ரேஸ் கேமுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது, "இன்னாபா, வேணும்னே தப்பான செட்டிங் குடுத்து அந்தப் பையன கவுத்துட்டியாமே"ன்னு கேட்டார். எங்க ரேஸ் குரூப்ல பேசினது டீக்கடை வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் நான் மட்டும் எதுக்கு வாய மூடிக்கினு இருக்கணும்?

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஸ்பா டிராக் ரேஸ்ல நடந்தத நான் சொல்லவே வேணாம், கிளிப் எல்லார் போன்லயும் இருக்கு. மூணாவது லேப். பூஓன் வளைவுல, குரூப்ல புதுசா ஓட்டற ஒரு தம்பியோட போர்ஷே பம்பரமா சுத்தி, பின்னாடி வந்த மூணு பேரையும் சேத்து அள்ளிக்கினு போச்சு. அஞ்சு நிமிஷத்துல குரூப்ல அவன் வாய்ஸ்: "செட்டப் அண்ணன் குடுத்தது தான். அவரு மட்டும் ஜெயிக்கணும்னு வேணும்னே இப்டி குடுத்துருக்காரு." கீழ பதினாலு சிரிப்பு எமோஜி. ஆமா, எண்ணினேன். அதுல ஆறு பேர் இன்னிக்கும் என் செட்டப் ஃபைல, அதாவது வண்டியோட டயர் காத்து, விங் மாதிரி அளவெல்லாம் நான் வச்சு சேமிச்ச ஃபைல, போட்டு தான் ஓட்டறாங்க.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. காலை எடுத்தது யாரு?

கிளிப்ப மெதுவா ஓட்டிப் பாருங்க. ஓரத்துல பெடல் கோடு தெரியும், பச்சை ஆக்சிலேட்டர், சிவப்பு பிரேக். பூஓன்ங்கறது இறக்கத்துல இடது பக்கமா ரெண்டு கட்டமாத் திரும்புற நீள வளைவு. முதல் பாதியில பச்சை முக்கால்வாசிக்கு ஏறி நிக்குது, வண்டி அழகா போவுது. நடுவுல கொஞ்சம் வெளிய நகர்ற மாதிரி தெரிஞ்சதும் தம்பி பயந்துட்டான். பச்சை ஒரே அடியா பூஜ்யம், ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டான். அடுத்த நொடி சுத்துது. சிவப்பு அதுக்கப்புறம் தான் எட்டிப் பாக்குது.

செட்டப் ஃபைலுக்கு கால் கிடையாது சாமி.

போர்ஷே 911க்கு இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னாடி தொங்குது. ஏசிசி (அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே) கேம்ல நாம ஓட்டற 992 ஜிடி3 ஆர், 911ஓட ரேஸ் மாடல், அதுவும் அதே தான், 4.2 லிட்டர், 565 குதிரைத்திறன். கால் மிதிச்சிக்கினு இருக்கற வரைக்கும் எடை பின் டயர் மேல உக்காந்து அழுத்தும், கல்லு மாதிரி நிக்கும் வண்டி. வளைவு நடுவுல வெடுக்குனு காலை எடுத்தா எடை முன்னாடி பாயும். முன் டயர் கப்புனு பிடிக்கும், பின் டயர் லேசாயிடும், வால் முந்திக்கினு வந்துடும். மூட்டை மொத்தத்தையும் பின் பலகை ஓரமா ஏத்திக்கினு கிரீன் சர்க்கிள்ல வேகமா திரும்பின மினி லாரி டிரைவர் யாரையாவது கேளுங்க, என்ன விட நல்லா சொல்வாரு.

"டிசி (டிராக்‌ஷன் கன்ட்ரோல்) 8ல வச்சிருந்தேன், அப்பயும் சுத்துச்சு, அப்ப செட்டப் தான தப்பு"ன்னும் எழுதியிருக்கான். தம்பி, டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்யறது நீ மிதிச்சு, பின் வீல் வழுக்கும்போது. இன்ஜின் பவர கொறைக்கும், அவ்ளோ தான் அதுக்குத் தெரிஞ்சது. நீ காலையே எடுத்துட்ட பிறகு கொறைக்க அங்க இன்னா இருக்கு? 8ல வச்சாலும் ஒண்ணு தான், அணைச்சு வச்சாலும் ஒண்ணு தான்.

சரி, இப்ப பெரியவங்க சில பேர் இன்பாக்ஸ்ல வந்து நியாயம் பேசறாங்க. "புதுசா ஓட்டறவனுக்கு நிதானமான செட்டப் குடுத்திருக்கணும் இல்ல?" குடுத்திருக்கலாம். வண்டி வால கீழ அழுத்தற பின் விங்க ரெண்டு கிளிக் ஏத்தி, ரெண்டு பின் வீலையும் சேத்துப் புடிக்கற டிஃபரன்ஷியல் பிரீலோட கூட்டி வச்சா, கால எடுத்தாலும் வால் இவ்ளோ சீக்கிரம் வராது. எனக்குத் தெரியாதா? ஆனா அவன் கேட்டது அது இல்ல. "ணா, நீ ஓட்டற அதே ஃபைல் தான் வேணும், வேற எதுவும் வேணாம்." அவன் வார்த்தை. ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போட மாட்டேன்.

"சொல்லியாவது குடுத்திருக்கலாமே?" சொன்னேனே! நாலு நிமிஷம் பத்து செகண்ட் வாய்ஸ். கேட்டிருந்தா அந்த மைக் படம் நீலமாகும். இப்ப வரைக்கும் சாம்பலாவே இருக்கு. உண்மையச் சொல்லணும்னா, நேத்து நானே அதத் திரும்பிக் கேட்டேன். அதுல கால எடுக்காதன்னு நான் எங்கயும் சொல்லல. நாலு நிமிஷமும் டயர் காத்தப் பத்தியே பேசியிருக்கேன். ஆனா கேக்காத வாய்ஸ்ல எது இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?

காத்தப் பத்தி ஏன் அவ்ளோ பேசினேன்னா, அது எங்க நைனா குடுத்தது. சேண்பாக்கம் பைபாஸ்ல பஞ்சர் கடை வச்சிருந்தார். மே மாசம் மத்தியானம் பெங்களூர் போற லாரி வந்து நிக்கும். டிரைவர் எறங்கி, டயர் கொதிக்குது, கொஞ்சம் காத்த எறக்குன்னு சொல்வார். நைனா தொடவே மாட்டார். "சூட்டுல இருக்கறது சூட்டுக் காத்து. இப்ப எறக்கினா ராத்திரி மட்டமாயிடும், டயர் இன்னும் சூடேறி வெடிக்கும். நிழல்ல போட்டு ஒரு டீ குடிச்சிட்டு வா." சில பேர் திட்டிட்டு அடுத்த கடைக்குப் போவாங்க. அவர் கவலப்பட்டதில்ல. டயர் மேல உள்ளங்கைய குறுக்க தடவுவார். ஒரு பக்கம் வழவழன்னு போயி, திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி அறுத்தா, "டோ போயிடுச்சு, அலைன்மென்ட் பாரு" என்பார். டோன்னா டயர் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கற கோணம். என் கையப் புடிச்சு அதே டயர் மேல இழுத்துக் காட்டுவார். எட்டு வயசுல எனக்கு அந்த அறுப்பு தெரியும். கேம்ல டோ, கேம்பர் (டயர் சாஞ்சு நிக்கற கோணம்)னு பாத்தப்ப புதுசா எதையும் நான் கத்துக்கல.

கேம்லயும் அதே கதை தான். நாம வைக்கறது குளிர்ந்த டயர் காத்து. ஓடி சூடானதும் 26ல இருந்து 27 பிஎஸ்ஐக்குள்ள நிக்கணும். வெளி வெப்பம் 1 டிகிரி கூடினா சுமார் 0.1 கொறைச்சு வைக்கணும். நான் அந்த ஃபைல ஓட்டினது 22 டிகிரியில. ஞாயித்துக்கிழமை சர்வர்ல 30. தம்பி எதையும் தொடாம அப்டியே இறங்கிட்டான், கிளிப்ல டயர் கட்டத்தப் பாருங்க, 28ஐ நெருங்குது. அதைத் தான் அந்த நாலு நிமிஷமும் கத்தினேன். 2023ல கேமோட 1.9 அப்டேட் வந்து இந்த அளவையே மாத்தினப்ப, எல்லாரோட பழைய ஃபைலும் ஒரே நாள்ல குப்பையாச்சே, ஞாபகம் இருக்கா? ஷிப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து ஒவ்வொரு டிராக்குக்கும் திரும்ப எழுதினேன். வீட்ல சாப்பாடு ஆறிப்போச்சுன்னு திட்டு. மொத்த குரூப்பும் அந்த ஃபைல எடுத்துச்சு. அன்னிக்கு பதினாலு எமோஜி வரல. ஒண்ணு வந்துச்சு, கட்டை விரல்.

"அண்ணன் கிட்ட வசதி இருக்கு, பெரிய வீல் இருக்கு, அவருக்கு சுத்தாது"ன்னு ஒருத்தர். எங்க வீட்டுக்கு வந்து பாத்திருக்கீங்களா? பழைய லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங் வீல். அம்மாவோட தையல் மிஷின் மேஜையில கிளாம்ப் போட்டு வச்சிருக்கேன். பிரேக் மிதிச்சா மேஜை நகரும்னு ரெண்டு காலுக்கும் நடுவுல அரிசி மூட்டை. இது தான் என் வசதி.

அப்புறம் "கேம் தானே, விடுங்கணா"ன்னு ஒரு கூட்டம். கேம் தான். கேம்னா ஒருத்தன குத்தவாளின்னு சொல்றதும் கேம் தானா? 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் டீம் அவங்க பிரிவுல மூணாவது வந்ததுல இருந்து இங்க எல்லாருக்கும் போர்ஷே தான் வேணும். வேணாம்னு சொன்னேனா? முதல்ல இன்ஜின் நடுவுல இருக்கற ஃபெராரிய எடுங்க, இல்ல முன்னாடி இருக்கற மெர்சிடிஸ எடுங்கன்னு தொண்ட வத்த சொன்னேன். 911 தான் கெத்தாம். கெத்து வேணும், சுத்தினா மட்டும் அண்ணன் வேணும், திட்டறதுக்கு.

நைனா கடைய மூடி ஒம்போது வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் ஒருத்தரும் வந்து, நீ அன்னிக்கு காத்த எறக்காதது நல்லதாப் போச்சுன்னு சொன்னதில்ல. டயர் வெடிச்சவங்க மட்டும் வந்து சண்ட போட்டாங்க, இவர் கை வைக்காத டயருக்கும் சேத்து. அத ஏன் இங்க சொல்றேன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை ராத்திரி அந்த வாய்ஸ கேட்டதுல இருந்து அதே தான் ஓடிக்கினு இருக்கு.

அடுத்த ஞாயிறு சுசுகா டிராக்ல ரேஸ். 911 தான் எடுக்கறேன். செட்டப் கேட்டு இனி யாரும் இன்பாக்ஸ்ல வராதீங்க, ஃபைல் அனுப்ப மாட்டேன். வேணுங்கறவங்க காலையில சத்துவாச்சாரிக்கு வீட்டுக்கு வாங்க. பக்கத்துல உக்காந்து உங்க கால மட்டும் பாப்பேன். தம்பி, நீயும் வரலாம். குரூப்ல இருக்கற அந்த வாய்ஸ டெலீட் பண்ணிட்டு வா.