ராணி இருந்தால் வெற்றி உறுதியா?

ஒரு பையன் பிளிட்ஸ்ல (சில நிமிஷத்துல முடியற வேக செஸ்) ஜெயிக்காம விட்ட ஆட்டத்தைப் பத்தி, "ராணி வந்தாச்சு, எதிரிக்கு ஒரே ஒரு சிப்பாய், கையில 20 விநாடி. ஜெயிச்ச ஆட்டத்தைக் கோட்டை விட்டுட்டார்"னு எழுதியிருக்கீங்க. தப்புங்க. கறுப்புச் சிப்பாய் ஏ2-ல (பலகையோட ஓர வரிசை, இன்னும் ஓரடி வெச்சா அதுவும் ராணி), ராஜா பி2-ல. வெள்ளை ராஜாவோ தொலைவில ஜி7-ல. ராணி பி4-ல செக் வெச்சா, கறுப்பு ராஜா ஏ1-ல ஒதுங்கிடும். இப்ப வெள்ளை ராஜாவை ஓரடி நகர்த்தினாலும் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே கறுப்புக்கு நகர்த்த வழியில்லாம ஆட்டம் டிரா ஆகறது)! ராணியை விலக்கினா, கறுப்பு ராஜா மறுபடி வெளியே வந்துடும். நேரம் எவ்வளவு இருந்தாலும் இது டிராதான்.

பி, டி, இ, ஜி வரிசைச் சிப்பாய்னா நீங்க சொல்றது சரி. அங்கே செக் மேல செக் வெச்சு, ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால தள்ளி, கிடைக்கிற ஒவ்வொரு இடைவெளியிலும் நம்ம ராஜாவை ஒரு கட்டம் நெருக்கிக் கொண்டுவரலாம். பாவம், அந்தப் பையன் பிளிட்ஸ்ல எதையும் தவறவிடலை.