வார்டில் செய்வதைச் சங்கத்தில் ஏன் செய்வதில்லை?

சிங்கப்பூரில் இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். ஒருநாள்கூடப் பொறுப்பை ஒப்படைக்காமல் வார்டை விட்டுக் கிளம்பியதில்லை. பஸ் போய்விடும் என்றாலும் சரி, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி. அடுத்த பணிநேரத்துக்கு வந்தவரைப் படுக்கை படுக்கையாக அழைத்துச் சென்று, இவருக்குப் பென்சிலின் ஒவ்வாது, இவருடைய டிரிப் பத்து மணிக்கு முடியும், ஐந்தாம் படுக்கைப் பாட்டி இரவெல்லாம் மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் வந்தால் காக்கவைக்காதீர்கள் என்று எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் கைப்பையை எடுப்பேன். ‘பாஸ் ரிப்போர்ட்’ என்று வார்டில் சொல்வோமே, அதைத்தான் சொல்கிறேன். நம் எல்லாருக்கும் முதல் மாதத்திலேயே இதைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் தாதியர் சங்கம் போன்ற நம் தொழில்சார் அமைப்புகளில் மட்டும் இது நடப்பதில்லை. எனக்கு இது நெடுநாள் வருத்தம்.

ஒரு குழுவுக்கு நான் செயலாளராக வந்தபோது கைக்குக் கிடைத்தவை ஒரு பென் டிரைவும், பழைய ரசீதுப் புத்தகங்கள் நிறைந்த அட்டைப்பெட்டியும். எனக்கு முன் இருந்த அக்கா ஆறு ஆண்டுகள் உழைத்து மிகவும் களைத்துப்போயிருந்தார். “இனி நீ பார்த்துக்கொள்ளம்மா” என்று சொல்லிப் போய்விட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கும் யாரும் எதையும் ஒப்படைத்திருக்கவில்லை. மண்டபத்தை எத்தனை வாரம் முன்பு பதிவு செய்ய வேண்டும், சங்கங்களின் பதிவாளருக்கு ஆண்டறிக்கையை எப்போது அனுப்ப வேண்டும், காசோலையில் யார் யார் கையெழுத்திட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தவறு செய்தே கற்றேன். முதல் ஆண்டு அதிலேயே கரைந்தது. அந்த ஆண்டு சந்தா கட்டியவர்களுக்கு உருப்படியாக எதையும் செய்யவில்லையே என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

“தொண்டூழியம்தானே, முடிந்ததைச் செய்தால் போதும்” என்று சொல்பவர்கள் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. நம் பதிவையும் உரிமத்தையும் தாதியர் வாரியம் பார்த்துக்கொள்கிறது. சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றித் தொழிற்சங்கம் பேசுகிறது. தாதிமை எப்படி இருக்க வேண்டும் என்று தாதியரே கூடிப் பேசும் இடம் தொழில்சார் சங்கம். சிங்கப்பூர் தாதியர் சங்கத்தின் கதை 1957-ல் தொடங்குகிறது. அப்போது இந்த ஊருக்குச் சுயாட்சிகூடக் கிடைக்கவில்லை. 1899-ல் தோன்றிய அனைத்துலகத் தாதியர் மன்றத்தில் 1959-லேயே நம் சங்கம் இடம்பெற்றுவிட்டது. அந்தத் தலைமுறை அரைகுறை மனத்தோடு செய்திருந்தால் இது நடந்திருக்குமா?

2003-ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள். நோயாளிகளோடு சுகாதார ஊழியர்களும் விழுந்துகொண்டிருந்தார்கள். சீருடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எழுந்துபோவார். அந்த நாள்களில் மூத்த சிஸ்டர் ஒருவர் ஒவ்வோர் இரவும் இளம் தாதியருக்கு வரிசையாகத் தொலைபேசியில் பேசுவார். சாப்பிட்டாயா, காய்ச்சல் பார்த்தாயா, அம்மாவிடம் பேசினாயா, இந்த மூன்று கேள்விகள்தாம். யார் தனியாக வாடகை அறையில் இருக்கிறார், யாருக்குக் கைக்குழந்தை என்பதெல்லாம் அவருடைய நீல நிற நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அவர் எங்கள் குழுவின் துணைத்தலைவர். தொண்டூழியத் தலைமை என்றால் எனக்கு இன்றும் அவர் குரல்தான் நினைவுக்கு வரும்.

அவர் ஓய்வுபெற்றார். நோட்டுப் புத்தகமும் அவரோடு போயிற்று. 2020-ல் கொவிட் வந்தபோது யார் தனியாக இருக்கிறார் என்ற பட்டியலை முதலிலிருந்து தயாரித்தோம். இரண்டு வாரங்கள் ஆயின. அந்த இரண்டு வாரங்களில் அறையில் தனியாக அழுதிருந்த பிள்ளைகளைப் பிறகு சந்தித்தேன்.

ஆகவே, எந்தப் பொறுப்புக்கும் முதல் நாளிலிருந்தே இரண்டாவது ஆள் ஒருவர் கூடவே நடக்க வேண்டும் என்கிறேன். புதிதாக வரும் தாதிக்கு வழிகாட்டித் தாதி ஒருவரைத் துணைக்கு வைக்கிறோம் அல்லவா, அதே முறைதான். ஓராண்டு உடன் நடந்தவர் மறு ஆண்டு பொறுப்பேற்கட்டும். தலைவரும் இரண்டு தவணையோடு இறங்கிவிட வேண்டும், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும்.

“ஒருவருக்கே ஆள் கிடைக்கவில்லை, இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது?” என்பார்கள். நாம் கேட்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. ‘ஆர்வமுள்ளவர்கள் முன்வரலாம்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். பெயர் சொல்லி, வேலையைச் சொல்லி, முடியும் தேதியையும் சொல்லிக் கேட்க வேண்டும். 1885-ல் பிரெஞ்சுக் கன்னியர் பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கியதை நினைவுகூர்ந்து ஆகஸ்ட் 1-ஆம் தேதி தாதியர் தினம் கொண்டாடுகிறோம். “அன்றைய நிகழ்ச்சிக்குப் பேச்சாளர் மூவரை நீ அழைக்கிறாயா?” என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் மறுத்தவர்கள் மிகச் சிலரே.

கூட்ட நேரத்தையும் பார்க்க வேண்டும். வார நாளில் மாலை ஏழு மணிக்கு யாரால் வர முடியும்? அலுவலக நேரத்தில் வேலை செய்யும் மேலாளர்களால் முடியும். மதியப் பணிநேரத்தில் இருப்பவர் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வார்டிலிருந்து இறங்குகிறார். நோயாளியின் படுக்கையருகே நிற்பவர்களை நேரத்தாலேயே வெளியே நிறுத்திவிட்டு, இளையவர்களுக்கு அக்கறை இல்லை என்று குறைசொல்வது நியாயமில்லை. வார்டு மேலாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: பணி அட்டவணை போடும்போது, குழுவில் இருக்கும் பிள்ளைக்குக் கூட்ட நாளை மட்டும் விட்டுக்கொடுங்கள். மாதத்தில் ஒரு நாள்தான்.

திருச்சியிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக இங்கே வேலை செய்யும் தங்கை ஒருவர் சென்ற மாதம் என்னிடம், “அக்கா, எனக்கும் குழுவில் சேர ஆசைதான். கூட்டம் எப்போதும் என் மதியப் பணிநேரத்தில் வருகிறது, அதனால்தான் கேட்கவே இல்லை” என்றார். இரண்டு ஆண்டுகளாக இந்த ஆசையை மனத்துக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

என் தவணை அடுத்த பொதுக்கூட்டத்தோடு முடிகிறது. நானும் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை நாற்பது பக்கம் வந்திருக்கிறது. அதை அந்தத் தங்கையோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கப்போகிறேன். இந்த மாதமும் அவருக்கு மதியப் பணிதான். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டோம்.