மூன்று மணிக்கு மேல் செய்தி தேடாதீர்கள்

மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மூன்றேகால் மணி வாக்கில் என் மைத்துனன் தவறாமல் அழைப்பான். "வங்கிப் பங்கெல்லாம் இறங்குகிறதே, என்ன செய்தி அத்தான்?" செய்தி ஒன்றும் இருக்காது. அன்று எக்ஸ்பைரி, அதாவது அந்த மாத ஒப்பந்தங்கள் முடிகிற நாள், அவ்வளவுதான். 2025 செப்டம்பருக்கு முன்பு இதே அழைப்பு வியாழக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் அவன் ஃபியூச்சர்ஸ் (இன்றே விலை பேசி, பின்னொரு தேதியில் கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தம்) பக்கமே போகாதவன். மகள் படிப்புக்கென்று பங்கு வாங்கி வைத்திருப்பவன். அவனைப் போன்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியின் ஃபியூச்சர்ஸ் கணக்கு பணத்தில் தீர்கிறது, பங்கு கைமாறுவதில்லை. தீர்வு விலை என்பது நிஃப்டியின் அன்றைய முடிவு மதிப்பு. அதுவோ அதிலுள்ள பங்குகளின் கடைசி அரை மணி நேரச் சராசரியிலிருந்து வருகிறது. பங்கை வாங்கி, ஃபியூச்சர்ஸை விற்று, இடையிலுள்ள வித்தியாசத்தைச் சம்பாதிக்கிற ஆர்பிட்ராஜ்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு நகர்த்திக்கொள்ளவில்லை (ரோல் ஓவர்) என்றால், அந்த அரை மணிக்குள் அவர் பங்குகளைச் சிறிது சிறிதாக விற்றுத் தீர்க்க வேண்டும். அப்போதுதான் அவர் விற்ற விலையும் தீர்வு விலையும் ஒட்டி வரும். விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, அவருக்கு இரண்டும் ஒன்றே. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மைத்துனனுக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

தனிப்பங்கு ஃபியூச்சர்ஸில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. 2018 ஜூலையில் தொடங்கி 2019 அக்டோபருக்குள் எல்லாவற்றையும் படிப்படியாக டெலிவரி முறைக்கு மாற்றிவிட்டார்கள். விற்று ஓட வேண்டியதில்லை, பங்கையே கொடுத்துவிடலாம். (ஆனால் லாபத்தில் இருந்த கால் ஆப்ஷனை, அதாவது குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமையை, முடிக்க மறந்த நண்பர் ஒருவர், அதற்கு விலையாகச் சில ஆயிரம் ரூபாய் பிரீமியம் மட்டுமே கட்டியிருந்தும், பல லட்ச ரூபாய்ப் பங்கை வாங்க வேண்டிய நிலைக்கு வந்தார். அது தனிக்கதை.)

எனக்குக் கோபம் குறியீட்டு ஆப்ஷன்கள் மீதுதான். ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தக நிறுவனத்தின் மீது 2025 ஜூலை 3 அன்று பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவைப் படித்துப் பாருங்கள். 2024 ஜனவரி 17, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டிக்கு எக்ஸ்பைரி நாள். காலையில் வங்கிப் பங்குகளை வாங்கிக் குறியீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஆப்ஷனில் இறக்கத்துக்குப் பந்தயம் கட்டி, பிறகு அந்தப் பங்குகளையே விற்றுத் தள்ளினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுக்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் எனக்கு உறுத்துவது வேறு ஒரு எண். அன்று பேங்க் நிஃப்டி ஆப்ஷன் வர்த்தகம், அடியிலுள்ள பங்குகளின் வர்த்தகத்தைப்போல் 353 மடங்கு என்கிறது செபி. 353 ரூபாய் பந்தயம் ஒரு ரூபாய்ச் சந்தையின் மேல் உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு ரூபாயை அசைத்துப் பார்க்க யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

2024 நவம்பர் முதல் குறியீட்டு ஆப்ஷன்களுக்கு வாரா வாரம் வரும் எக்ஸ்பைரியை, ஒரு பங்குச் சந்தைக்கு ஒன்றே என்று குறைத்தார்கள். போதாது. வாராந்திரத்தையே எடுத்துவிட வேண்டும் என்பேன். புரோக்கர்கள் அடிக்க வந்தாலும் சரி.

போன மாதம் மைத்துனனிடம் இவ்வளவையும் பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பத்து நிமிடத்துக்கு முன்பே விற்றுவிட்டேனே அத்தான்" என்றான்.