சிவப்பு வால் புராணமும் 99-வது ஸ்குவாட்ரனின் உண்மைக் கணக்கும்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின விமானிகளான டஸ்கிகீ விமானிகள் (விமான வாலுக்குச் சிவப்பு பூசியதால் 'சிவப்பு வால்கள்') காவலுக்குப் போன குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட எதிரி விமானம் வீழ்த்தியதில்லை என்ற பதிவு திரும்பவும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. அது உண்மையில்லை. அவர்கள் காவலில் இருந்தபோது 27 விமானங்கள் எதிரி விமானங்களிடம் இழக்கப்பட்டதை அமெரிக்க விமானப்படையின் சொந்த வரலாற்றாய்வாளர்களே எண்ணிச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் இருந்த அதே 15-வது வான்படையில் மஸ்டாங் சண்டை விமானம் ஓட்டிய மற்ற குழுக்களின் சராசரி 46. உண்மைக் கணக்கே இவ்வளவு நன்றாக இருக்கும்போது புராணம் எதற்கு?

இந்தப் புராணத்தில் காணாமல் போவது பயிற்சி. டஸ்கிகீ விமானிகளின் 332-வது சண்டைக் குழுவில் பறந்த 99-வது ஸ்குவாட்ரன் இன்று சண்டைப்படை அல்ல, டெக்சஸ் ரேண்டால்ஃப் தளத்தில் இருக்கும் பறக்கும் பயிற்சி ஸ்குவாட்ரன். இது தரம் இறக்கம் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. என் கருத்து நேர் எதிர். 99-இன் கதை தொடக்கத்திலிருந்தே பயிற்சியின் கதைதான்.

1941 மார்ச் 22-இல் இல்லினாய் மாநிலத்தின் சனூட் தளத்தில் 99-வது பர்சூட் (சண்டை விமான) ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டபோது அதில் ஒரு கறுப்பின விமானிகூட இல்லை. மெக்கானிக்குகளுக்கும் தரைப்பணியாளர்களுக்கும் அங்கே பயிற்சி நடந்துகொண்டிருக்க, விமானிகளை அலபாமாவின் டஸ்கிகீயில் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. ஜூலையில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 13 பேர். 1942 மார்ச் 7-இல் தேறி, விமானிக்கான சிறகுச் சின்னம் வாங்கியவர்கள் 5 பேர். அந்த ஐவரில் ஒருவரான பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர்தான் பிறகு ஸ்குவாட்ரனின் தளபதி. அதாவது தளபதியும் அவர் கீழ் பறந்த மூத்த விமானிகளும் ஒரே வகுப்புத் தோழர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பயிற்சி மூன்று கட்டம். முதல் கட்டம் மோட்டன் ஃபீல்டில், ஸ்டியர்மன் இரட்டை இறக்கை விமானத்தில், கறுப்பின சிவிலியன் பயிற்றுநர்களிடம். பார்க்கச் சாதுவான விமானம், தரைக்கு வந்ததும் குணம் மாறும். வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இறங்கி ஓடும்போது மூக்கு கொஞ்சம் ஒரு பக்கம் திரும்பினாலும், பின்னால் இருக்கிற எடை முன்னே வரப் பார்க்கும். திரும்பிய பிறகு ரட்டரை (காலால் இயக்கும் வால் திருப்பியை) மிதித்துப் பயனில்லை, திரும்பத் தொடங்கும்போதே சின்னச் சின்ன மிதிகளால் பிடிக்க வேண்டும். வேகம் குறையக் குறைய ரட்டர் மேல் காற்றின் பிடியும் குறைகிறது. அந்த நேரம் பார்த்து மாணவர் 'இறங்கியாச்சு' என்று காலைத் தளர்த்துவார். விமானம் சுழன்று, வெளிப்பக்கக் கீழ் இறக்கையின் நுனி தரையில் உரசும். பயந்துபோய் பிரேக்கை அழுத்தினால் மூக்கு குத்தும்.

அடுத்தது பிடி-13 பயிற்சி விமானம். 450 குதிரைத்திறன், ரேடியோ, இரண்டு நிலை ப்ரொபெல்லர், கையால் சுற்றி இறக்கும் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தட்டு). இங்கே பறப்பதைவிட வரிசை மறக்காமல் இருப்பதுதான் பரீட்சை. இறங்க வரும்போது ப்ரொபெல்லரை ஏற்றத்துக்கான நிலைக்கு மாற்ற மறந்துவிட்டு, கடைசி நேரத்தில் இறங்காமல் மேலே போக வேண்டி வந்தால், த்ராட்டிலை முழுசாகத் தள்ளியும் விமானம் சோம்பலாகத்தான் ஏறும். கடைசிக் கட்டம் ஏடி-6. உள்ளே மடங்கும் சக்கரம், 600 குதிரைத்திறன்.

மற்ற இடங்களில் இந்தக் கட்டங்களுக்குத் தனித்தனித் தளங்கள் இருந்தன. கறுப்பினத்தவருக்கு, முதல் கட்டம் போக மீதி எல்லாமே டஸ்கிகீ ராணுவ விமானத் தளம் ஒன்றில்தான். பேசிக் (பிடி-13), அட்வான்ஸ்டு (ஏடி-6), பி-40 சண்டை விமானத்துக்கு மாறும் பயிற்சி, பின்னாளில் இரட்டை எஞ்சின் பயிற்சி, எல்லாம் அங்கேயே. பி-40 லேசுப்பட்டதில்லை. ஏறும்போது வலது ரட்டர் கேட்கும், டைவ் அடித்து வேகம் ஏறினால் இடது ரட்டர் கேட்கும். இவ்வளவு விதமான வேகங்கள் ஒரே வானத்தைப் பங்குபோட்டுக்கொண்டால் நெரிசல் வராமல் என்ன செய்யும்? விமானிகள் சொட்டுச் சொட்டாக வந்ததற்குத் திறமைக்குறைவு காரணமல்ல. இனப்பிரிவினை குழாயை அந்த அளவுக்குக் குறுக்கி வைத்திருந்தது.

1943 ஏப்ரலில் 99 கப்பலேறி மொராக்கோ போய்ச் சேர்ந்தது. ஜூன் 2-இல் மத்தியதரைக் கடலின் பாண்டெலேரியா தீவின் மேல் முதல் போர்ப்பறப்பு. ஜூலை 2-இல் சார்ல்ஸ் ஹால் சிசிலியின் மேல் ஒரு ஜெர்மன் ஃபோக்கவுல்ஃப் 190 சண்டை விமானத்தை வீழ்த்தினார். அதன் பிறகு அந்த ஆண்டு முழுக்க இரண்டாவது வெற்றி இல்லை. இதை வைத்துத்தான் 99 அப்போது இணைக்கப்பட்டிருந்த 33-வது சண்டைக் குழுவின் தளபதி மோமையர், இவர்களிடம் ஆக்ரோஷம் போதாது, எதிரி பாய்ந்தால் ஃபார்மேஷன் கலைந்துவிடுகிறது என்று அறிக்கை எழுதினார்.

ஃபார்மேஷன் ஏன் கலைகிறது என்று யோசிக்க வேண்டும். புது விமானி தன் தலைவன் இறக்கையையே பார்த்துக்கொண்டிருப்பான். வானத்தை எப்படிப் பகுதி பகுதியாகத் தேடுவது, எந்தத் தூரத்தில் எதிரி நெருங்கும்போது உள்ளே திரும்புவது, எப்போது அவசரப்படக் கூடாது, இதெல்லாம் ஏற்கெனவே சண்டை பார்த்த ஒருவர் பக்கத்தில் பறந்தால்தான் ஒட்டும். வெள்ளையர் ஸ்குவாட்ரன்களில் புதியவர்களுக்கு நடுவே அனுபவசாலிகளைக் கலந்து வைக்க முடிந்தது. 99-இல் யாரைக் கலப்பது? தளபதியே முதல் வகுப்பு. மொராக்கோவில் பிலிப் காக்ரன் போன்ற, சண்டை பார்த்த சிலர் வந்து சொல்லிக்கொடுத்தது உதவியது, ஆனால் சில வாரப் பாடம் அந்த இடத்தை நிரப்பாது.

1943 அக்டோபரில் கறுப்பினப் படையினர் பற்றி ஆராய்ந்த போர்த்துறையின் மெக்லாய் குழு முன் டேவிஸ் இதைத்தான் சொன்னார். அனுபவமுள்ளவர் ஒருவருமில்லை, மற்ற ஸ்குவாட்ரன்களில் 30 முதல் 35 விமானிகள் இருந்தபோது தன்னிடம் 26 பேர்தான். ஆள் குறைந்தால் ஒருவரே நாளுக்குப் பல தடவை பறக்கிறார், களைப்பு 'ஆக்ரோஷக் குறைவு' என்று பதிவாகிறது. அதோடு, தரைத்தாக்குதலுக்கே அனுப்பப்பட்ட பி-40-க்கு எதிரி விமானம் கண்ணில் பட்டால்தானே வீழ்த்த? 1944 ஜனவரி 27, 28-இல் இத்தாலியின் ஆன்சியோவின் மேல் எதிரி வந்தபோது இரண்டே நாளில் பத்துக்கும் மேல் வீழ்த்தினார்கள். மார்ச்சில் முடிந்த ராணுவத்தின் ஒப்பீட்டு ஆய்வும், மத்தியதரைக் கடல் பகுதியின் மற்ற பி-40 ஸ்குவாட்ரன்களுக்கும் 99-க்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. மோமையரின் அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த ஆய்வைச் சௌகரியமாக விட்டுவிடுவார்கள்.

332-வது குழுவில் சேர்ந்தது, மஸ்டாங், சிவப்பு வால், எல்லோருக்கும் தெரிந்த பகுதி, தாண்டிவிடுகிறேன். 1949-இல் கலைக்கப்பட்ட 99, 1988-இல் அரிசோனாவின் வில்லியம்ஸ் தளத்தில் டி-38 ஜெட் ஓட்டும் பயிற்சி ஸ்குவாட்ரனாகத் திரும்பி வந்தது. 1993-இல் ரேண்டால்ஃப். அங்கே இரட்டை எஞ்சின் ஜெட்டான டி-1ஏ ஜெய்ஹாக்கில் பயிற்றுநர்களைத் தயாரிப்பதுதான் அதன் முக்கிய வேலையாக இருந்தது. 1943-இல் சங்கிலியின் எந்தக் கண்ணி இல்லாமல் தவித்தார்களோ, அந்தக் கண்ணியை உருவாக்கும் இடம்.

அந்த வேலை வெளியே தெரியாதது. வருகிறவருக்கு ஏற்கெனவே பறக்கத் தெரியும். அவர் முதலில் வலது இருக்கைக்குப் பழக வேண்டும். இதுவரை இடது பக்கத்திலிருந்து ஓடுபாதையைப் பார்த்த கண்ணுக்கு நடுக்கோடு இப்போது தள்ளித் தெரியும், ஆரம்ப இறக்கங்கள் கோட்டை விட்டு விலகித்தான் இருக்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான பாடம்: மாணவனின் தப்பை எதுவரை வளரவிடுவது. ஏறியதும் ஒரு எஞ்சின் போனதாகப் பாவித்து ஒரு த்ராட்டிலைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். மூக்கு செத்த எஞ்சின் பக்கம் திரும்பும், மாணவன் மறு பக்க ரட்டரை மிதிக்க வேண்டும். பதற்றத்தில் தப்பான காலை மிதித்தால் திருப்பம் இரட்டிப்பாகும். உடனே பிடுங்கினால் அவன் எதையும் கற்கவில்லை. தாமதித்தால் திரும்பப் பிடிக்க வேகமும் உயரமும் இருக்காது. அதனால் நல்ல பயிற்றுநர் தன் கால்களை ரட்டரில் அழுத்தாமல் வைத்திருப்பார், மாணவன் தப்பான பக்கம் மிதிக்கத் தொடங்கினால் அந்தப் பக்கம் போகவிடாமல் தடுக்க. கட்டுப்பாடு கைமாறும்போது, வாங்குகிறவர் வாய்விட்டுச் சொல்லி, கொடுக்கிறவர் திருப்பிச் சொல்லி, வாங்கியவர் மறுபடி உறுதி செய்ய வேண்டும். இதில் ஒன்று விட்டால் இருவரும் ஓட்டுவார்கள், அல்லது இருவருமே ஓட்ட மாட்டார்கள். இரண்டாவது இன்னும் மோசம்.

இப்போது அந்த ஸ்குவாட்ரனுக்குப் புதிய பயிற்சி ஜெட், டி-7ஏ ரெட் ஹாக். பெயரே சிவப்பு வால்களுக்கு மரியாதையாக வைத்தது, முதலில் பெறும் ஸ்குவாட்ரனாக 99-ஐத் தேர்ந்தெடுத்ததும் சரியான முடிவு. ஆனால் பெயர்ப்பொருத்தத்தைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கை அமைப்பையும் பார்க்க வேண்டும். டி-1-இல் மாணவன் பக்கத்தில் இருக்கிறான், அவன் கால் எங்கே, கண் எங்கே, விரல் எப்படி இறுகுகிறது எல்லாம் தெரியும். டி-7-இல் பயிற்றுநர் பின்னால். முன்னே தெரிவது ஹெல்மெட் மட்டும். மாணவன் தடுமாறுவதை இனி மூக்கின் அசைவிலும், குரல் தாமதிப்பதிலும், வேகம் கைவிட்டுப் போகும் விதத்திலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். டி-1-இல் தேறிய பயிற்றுநர்களுக்கு இது கிட்டத்தட்டப் புது வேலை, அதற்கான பறக்கும் மணிகளைச் சிமுலேட்டரைக் காட்டிக் குறைக்காமல் இருந்தால் சரி.